பொழுது சாயும் நேரத்து ஹவுஸ் இசை

ஹவுஸ் இசை ஆடுவதற்காகப் பிறந்தது. நிமிடத்துக்கு 118 முதல் 130 பீட் வரை வேகம். ஒவ்வொரு பீட்டிலும் தவறாமல் விழும் கனத்த டிரம் அடி. இரண்டு அடிகளுக்கு நடுவில் ஜால்ரா போலத் தெறிக்கும் ஹை-ஹாட். இரண்டாவது, நான்காவது பீட்டில் ஒரு கைத்தட்டு. அடியில் ஓயாமல் சுற்றிவரும் பேஸ். இவ்வளவுதான் அதன் எலும்புக்கூடு. இதையே வேகம் தணித்து, ஓசை குறைத்து, வீட்டில் சாயங்கால வேளையில் உட்கார்ந்து கேட்கும்படி அடுக்கித் தரும் தொகுப்புகள் 1990களில் ஐரோப்பாவில் தனி வியாபாரமாகவே வளர்ந்தன. இன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவருக்கும் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருப்பவருக்கும் அவை கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் இந்தத் தொகுப்புகளின் நயம் பாட்டுகளில் பாதி, அவை அடுக்கப்பட்ட வரிசையில் பாதி. அந்த வரிசை வேறொரு கடற்கரையின் பொழுதுக்கு அளவெடுத்துத் தைத்தது. இங்கே அதைக் கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது.

பெயர் வீட்டைக் குறிப்பதல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' என்ற நடன விடுதியிலிருந்து வந்தது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள், அவர்களிலும் பெரும்பாலும் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய இடம் அது. அங்கே இசைத்தட்டு சுழற்றியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆடுகிறவர்கள் கைவிடவில்லை. பழைய டிஸ்கோ தட்டுகளோடு டிரம் மெஷினையும் சேர்த்து ஓட்டிப் பார்த்ததில் புதிதாக ஒன்று பிறந்தது. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980இல் கொண்டுவந்த டிஆர்-808, 1983இல் கொண்டுவந்த டிஆர்-909 ஆகிய டிரம் பெட்டிகள் இதற்குக் கைகொடுத்தன. பேஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாதவர்கள் வீட்டில் பயிற்சி செய்ய அதே கம்பெனி செய்த டிபி-303 சந்தையில் எடுபடவில்லை. மலிவு விலைக்குக் கைமாறி சிகாகோ பையன்களிடம் போய்ச் சேர்ந்தது. பணக்கார ஸ்டுடியோவில் உருவாகாத இசை என்பதால்தான் அதில் இத்தனை எளிமை.

இந்த இசைக்கு நிதானம் கற்றுக்கொடுத்தவர் லாரி ஹெர்ட். டிரம் வாசிப்பவராக இருந்து சிந்தசைசருக்கு வந்தவர். 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்' என்ற பெயரில் 1986இல் அவர் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்' டீப் ஹவுஸ் என்ற கிளைக்கு முன்மாதிரி. அதில் டிரம் அடி இருக்கிறது. ஆனால் காதுக்கு முதலில் படுவது அகலமாக விரிந்து மெல்ல மாறும் கார்டுகள். பேஸ் உறுமாமல் உருள்கிறது. யாரும் எதையும் அறிவிப்பதில்லை, உச்சத்துக்கு இட்டுச்செல்லும் ஆரவாரமும் இல்லை. வீட்டுச் சாயங்காலத்துக்கான தொகுப்புகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்த ஒற்றைத் தட்டின் வாரிசுகள். வேகத்தில் மட்டும் அவை இன்னும் கீழே இறங்கும்: பெரும்பாலும் 100 முதல் 120 பீட். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து இப்போது உலகெங்கும் பரவியிருக்கும் அமாபியானோ 112ஐ ஒட்டி ஓடுகிறது. நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் மேல், ஓடும் வேகத்துக்கு நிறையக் கீழ்.

நடனக் கூடத்திலிருந்து நாற்காலிக்கு இந்த இசை நகர்ந்த கதை ஸ்பெயினின் இபிசா தீவில் நடந்தது. அங்கே சான் அன்டோனியோ ஊரில், மேற்கே கடலைப் பார்த்தபடி 1980இல் திறந்த விடுதி 'கஃபே டெல் மார்'. 1991இல் ஜோஸே பதியா அங்கே டிஜேயாக அமர்ந்தார். சூரியன் கடலில் இறங்கும் நேரத்துக்கு இன்ன பாட்டு என்று குறிவைத்து, அதற்கு முன்னும் பின்னும் அடுக்கிக்கொண்டு போவது அவர் வழக்கம். தான் தொகுத்ததைக் கேசட்டில் பதிந்து விற்றும் வந்தார். 1994இல் முதல் கஃபே டெல் மார் தொகுப்பு சிடியாக வந்தது. அது விற்ற விதத்தைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். பாரிஸின் ஓட்டல் கோஸ்த் விடுதிக்காக ஸ்டெஃபான் பொம்புன்யாக், புத்தா பார் உணவகத்துக்காகக் குளோத் ஷால் தொகுத்தவை இரண்டும் 1999இல் தொடங்கின. தாடி வைத்த புத்திசாலிகளும் ஒத்துக்கொண்ட தொகுப்பு, வியன்னாவின் குரூடர், டோர்ஃப்மைஸ்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட 'கே அண்ட் டி செஷன்ஸ்'. ஓட்டல் வரவேற்பறையிலும் துணிக்கடையிலும் ஓடி ஓடி இந்த வகைக்குப் பிற்பாடு ஒரு சலித்த பெயர் வந்தது உண்மை. ஆனால் பதியாவின் முதல் சில தொகுப்புகளைக் கேட்டால் அந்தக் கெட்ட பெயருக்கு அவர் பொறுப்பல்ல என்பது விளங்கும்.

பதியாவின் அடுக்கு எதை நம்பியிருந்தது என்று பார்க்க வேண்டும். ஜூன் மாதத்தில் இபிசாவில் சூரியன் மறைய இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். வேலை முடிந்து, குளித்து, கடற்கரைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். கடலும் சூரியனும் ஒரே திசையில். கடலூரில் நிலைமை தலைகீழ். சில்வர் பீச்சில் கடல் கிழக்கே. சூரியன் முதுகுக்குப் பின்னால், ஊரின் பக்கம் இறங்குகிறது. நவம்பரில் ஐந்தே முக்கால் வாக்கில் மறையும் சூரியன் ஜூலையில்கூட ஆறே முக்காலைத் தொடுவதில்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சமும் நீடிக்காது. மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். இங்கே கடற்கரையில் சாயங்காலம் என்பது வானம் தீப்பற்றி எரிவதல்ல. கடல் முதலில் நீலம் இழந்து, பிறகு சாம்பலாகி, அப்புறம் சத்தம் மட்டுமாக மிஞ்சுவது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதே திசையிலிருந்து நிலா ஏறும். மெல்ல மெல்லச் சிவக்கும் வானத்துக்குப் போட்ட வரிசை இங்கே நீளமாகப்படும். முதல் மூன்று பாட்டுக்குள் வெளிச்சம் போய்விடுகிறது. மீதி முழுக்க இரவுதான்.

நேரம் பார்த்து இசையை அடுக்குவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தேவாரப் பண்களில் பகற்பண், இரவுப்பண், எப்போதும் பாடக்கூடிய பொதுப்பண் என்ற பிரிவு உண்டு. தக்கராகம், சீகாமரம், கொல்லி, வியாழக்குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி முதலியவை இரவுக்கு உரியவை. மேகராகக்குறிஞ்சியை இன்று நீலாம்பரியில் பாடுகிறார்கள். தாலாட்டுக்கு எடுக்கும் ராகம் என்று எல்லோருக்கும் தெரிந்தது அது. தேவாரமே சிதம்பரத்தில் உருவான தொகுப்பு. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னன் ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டு வகுத்தார் என்பது மரபு. மெட்டு தெரியாமல் போனபோது, விருத்தாசலத்தை அடுத்த எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண் பண் அடைவு சொல்லிக்கொடுத்ததாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அந்த ஊர் இன்றைய ராஜேந்திரப்பட்டினம், கடலூர் மாவட்டம்தான். சம்பந்தர் பாடிய முதல் மூன்று திருமுறைகளும் ஊர் வாரியாக அல்லாமல் பண் வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கோயில் நாகஸ்வரத்திலும் வேளைக்கு ஒரு ராகம் என்ற ஒழுங்கு இருந்தது. பள்ளியறைக்குச் சுவாமி போகும்போது ஆனந்தபைரவியும் நீலாம்பரியும் வாசிப்பார்கள். பாட்டின் பெருமையைவிடப் பாடும் வேளையைக் கவனித்த ஏற்பாடு இது. ஹவுஸ் டிஜே செய்வதும் அதுதான், பக்தி மட்டும் கிடையாது.

வானொலி காலத்தில் இந்த வேலையை நிலையத்தார் செய்தார்கள். விவித் பாரதி 1957இலும் புதுச்சேரி வானொலி 1967இலும் தொடங்கின. கடலோரத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு இருந்த மவுசு தனி. பகலில் இரைச்சலோடு வரும் மத்திய அலை நிலையங்கள் பொழுது சாய்ந்ததும் துல்லியமாகக் கேட்கும். பகலில் அலைகளை விழுங்கும் வளிமண்டல மேலடுக்கு ஒன்று சூரியன் போனதும் கரைந்துவிட, அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டு அலைகள் தொலைதூரம் திரும்பி வருவதே காரணம்.

பிறகு கேசட் வந்தது, அதோடு ரெக்கார்டிங் சென்டரும். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார். காப்புரிமைக்காரர்களைக் கேட்டுச் செய்த தொழில் அல்ல. ஆனால் எண்பதுகளில் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரும் அது இல்லாமல் இருந்ததில்லை. எழுபதும் எண்பதும் பாட்டு எழுதிக்கொண்டு போனவர் அங்கேதான் தொகுக்கும் கணக்கைக் கற்றார். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் இருபத்தேழு. மிச்சம் மூன்று நிமிடம் வெறும் இரைச்சல். அதை நிரப்பச் சின்னப் பாட்டு ஒன்று தேட வேண்டும், அல்லது வரிசையை மாற்ற வேண்டும். கேசட்டைத் திருப்பிப் போட எழுந்திருப்பார்கள் என்பதால் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு எடுப்பாக இருக்க வேண்டும். இபிசாவில் பதியா போட்ட கணக்கும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

ஒரு வித்தியாசம் பெரியது. சினிமாப் பாட்டு கவனத்தைக் கேட்கிறது. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி வேறொரு இடையிசை என்று நாலரை நிமிடத்தில் நாலு ஊர் காட்டிவிடும். சொல் காதில் விழுந்தால் மனம் அதன் பின்னால் போகும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) சொல்லே இல்லாத இசைதான். ஆனாலும் அதை ஓடவிட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கவோ வெங்காயம் நறுக்கவோ முடியாது. ஹவுஸ் பாட்டு மாறும், ஆனால் எட்டு பார், பதினாறு பார் என்று சீராக மாறும். 120 பீட் வேகத்தில் நான்கு பீட் கொண்ட ஒரு பார் இரண்டு நொடி. 32 பார் என்றால் ஒரு நிமிடத்துக்கு நாலு நொடி கூடுதல். அந்த நேரத்தில் ஒரு ஹை-ஹாட் உள்ளே வரும், அல்லது பேஸ் ஒதுங்கும். அதற்கு மேல் சம்பவம் கிடையாது. அடுத்தது எங்கே மாறும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுவதால் மனம் காவல் நிற்பதை விட்டுவிடுகிறது. இளைப்பாறுதல் வருவது இந்த இடத்தில்தான். கடல் அலைச் சத்தத்தையும் புல்லாங்குழலையும் மேலே தூவுவதால் அல்ல.

இந்தியாவில் இந்த இசைக்கு எதிர்பாராத ஒரு முன்னோடி இருக்கிறார். சரண்ஜித் சிங், மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். சிங்கப்பூரில் வாங்கிய டிஆர்-808, டிபி-303 பெட்டிகளோடு ஜூபிடர்-8 சிந்தசைசரையும் சேர்த்து 1982இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார். பத்து ராகம், அடியில் நிற்காத டிரம் மெஷின், டிபி-303 நெளிக்கும் பேஸ். விற்கவில்லை. சிகாகோவில் அதே டிபி-303ஐத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது 1987இல்தான். சரண்ஜித்தின் தட்டு 2010இல் நெதர்லாந்தில் மறுபடி வெளியானபோது, ஐந்து வருடம் முன்கூட்டியே மும்பையில் இதைச் செய்தது யார் என்று உலகம் திகைத்தது. அதன் பிறகு வெளிநாட்டு மேடைகளிலும் வாசித்துவிட்டு 2015இல் காலமானார். அவருக்குச் சிகாகோவும் தெரியாது, சிகாகோவுக்கு அவரையும் தெரியாது. ராகத்துக்கு நிலையான சுருதியும் தேவை, தாளத்துக்கு அசையாத அடியும் தேவை. கையில் இருந்த பெட்டிகள் இரண்டையும் தந்தன. மற்றது தானாக நடந்தது.

இந்தத் தட்டை வீட்டுச் சாயங்காலத்துக்குப் பிரித்து அடுக்கிப் பார்ப்பது நல்ல பயிற்சி. தட்டு பைரவில் ஆரம்பித்து லலித்துக்குப் போகிறது. இரண்டும் விடியற்கால ராகங்கள். தோடி காலைக்கு உரியது. இவற்றை ஒதுக்கிவிட்டால் மதுவந்தி பின்மாலைக்கு, யமனும் பூபாலியும் விளக்கேற்றும் நேரத்துக்கும் முன்னிரவுக்கும், கலாவதி அதன் பிறகு, மால்கௌன்ஸ் கடைசியில் என்று ஒரு வரிசை கிடைக்கும். கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு யமன் கல்யாணியின் சாயல், பூபாலி மோகனம், கலாவதி வலஜி, மால்கௌன்ஸ் இந்தோளம். ராகத்துக்கு நேரம் பார்ப்பது இந்துஸ்தானியில் கறாரானது. இங்கே அவ்வளவு கறார் இல்லை என்பதால் ஒன்றிரண்டு இடம் மாறினாலும் யாரும் கோபிக்கப் போவதில்லை. வேகம்தான் சிக்கல். டிஸ்கோவுக்கு அடித்த வேகம், டிரம் அடியும் கொஞ்சம் முரட்டுத்தனம். தாழ்ந்த ஒலியில் வைத்தால் அடங்கும். லாரி ஹெர்டுக்குப் பிறகு யமனைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே தெருக்காரர்கள் என்பது புரியும்.

சொந்தமாகத் தொகுப்பவர்கள் வேகத்தைப் படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். அடுத்தடுத்த இரு பாட்டுகளுக்கு இடையே இரண்டு மூன்று பீட் ஏறினால் காதுக்குத் தெரியாது. பத்து பீட் ஏறினால் திடுக்கிடும். கடலூர்ப் பொழுதுக்கு ஆறு மணிக்கு 104இல் தொடங்கி, இருட்டும் நேரத்தில் 110ஐத் தொட்டு, எட்டு மணி வாக்கில் 118 வரை போய், சாப்பாட்டுக்கு முன் திரும்ப இறங்கலாம். சுருதி பொருந்துகிறதா என்று பார்ப்பது அடுத்தது. ஒரு பாட்டின் ஆதார சுருதிக்கு அதன் பஞ்சமமோ மத்தியமமோ அடுத்த பாட்டின் சுருதியாக அமைந்தால் இணைப்பு உறுத்தாது. டிஜேக்கள் இதற்கென எண் போட்ட சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆர்மோனியம் தொட்டுப் பழகியவர்களுக்குச் சக்கரம் வேண்டியதில்லை. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது மெல்லத் தொடங்கும் கிராஸ்ஃபேட் வசதி பெரும்பாலான கைபேசிச் செயலிகளில் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு நொடி வைத்தால் போதும்.

வீட்டுக்குள் இந்த இசையின் முதல் எதிரி கைபேசியின் சொந்த ஸ்பீக்கர். ஹவுஸ் டிரம் அடியின் உயிர் 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. மிஞ்சுவது ஹை-ஹாட்டின் 'ட்ஸ் ட்ஸ்' மட்டும். இந்த இசை பலருக்குப் பிடிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். சுமாரான புளூடூத் ஸ்பீக்கரைக்கூட அறையின் மூலையில், சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். ஒலியைக் குறைக்கும்போது மனிதக் காது தாழ்ந்த ஓசைகளை முதலில் இழக்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் அளந்து காட்டினார்கள். மெதுவாகக் கேட்பதானால் பேஸை ஒரு படி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள்.

இந்த ஊர் வீடுகளுக்கே உரிய தொல்லைகள் வேறு. கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்துவார்கள். மொசைக் தரையும் வெறும் சுவரும் ஓசையைத் திருப்பி அடிக்கும். கனத்த திரைச்சீலையோ, சுவரில் சாய்த்த மெத்தையோ ஹை-ஹாட்டின் கூர்மையைக் குறைக்கும். பேஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டேயிருப்பதால் பீட் இல்லாத, மூச்சுவிடுவது போன்ற மெல்லிசைத் துண்டுகள் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். ஐரோப்பியத் தொகுப்புகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட துண்டில்தான் தொடங்குகின்றன. இங்கே தாளம் உள்ள பாட்டில் தொடங்குவது நல்லது. கூடத்துத் தொலைக்காட்சியில் சீரியல் ஓடும் வீட்டில் ஒன்பதரை வரை எந்த அறிவுரையும் செல்லாது. மொட்டை மாடி ஒன்றே வழி.

மாடியில் சுவர் இல்லாததால் பேஸ் சிதறிப்போகும்; உள்ளே நிறைவாகக் கேட்ட பாட்டு வெளியே மெலிந்து கேட்கும் என்று ஒலியைக் கூட்டத் தோன்றும். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பத்து மணிக்குப் பிறகு அண்டை வீட்டுக்குச் சுவர் தாண்டிப் போவது பாட்டல்ல, பேஸ் மட்டுமே. ஏற்றி வைத்ததை அப்போது இறக்கிவிட்டு மால்கௌன்ஸைத் தாழ்ந்த ஒலியில் ஓடவிடலாம், அல்லது ஹெட்போனுக்கு மாறலாம்.